கணணி எழும்பாவிட்டாலும் கோவைகள் தப்பும்



துபாயிலோ ஷார்ஜாவிலோ தோகாவிலோ இருக்கிற உங்களில் பலரிடம் ஒரு பழைய மடிக்கணணி இருக்கும். அதற்குள்தான் கடவுச்சீட்டுப் பிரதி, வேலை ஒப்பந்தம், வழக்குக் கடிதங்கள், ஊர்ப் படங்கள் எல்லாம். ஒருநாள் அது எழும்பாது. உடனே "எல்லாம் போச்சு" என்று நினைக்காதேங்கோ.

கணணியை எழுப்புகிற பயோஸ், தாய்ப்பலகையில் ஒரு சிப்பில் இருக்கிறது. உங்கள் கோவைகள் ஹார்ட் டிஸ்க்கில். முதலாவது பழுதானால் இரண்டாவது அழியாது. 1999 ஏப்ரல் 26 இல் சிஐஎச் வைரஸ் பல நாடுகளில் பயோஸையும் டிஸ்க்கின் தொடக்கப் பகுதியையும் அழித்தது. அப்போதும் பல டிஸ்க்குகளிலிருந்து கோவைகளை மீட்க முடிந்தது.

இனி செய்ய வேண்டியவை:

1. சார்ஜரையும் பற்றரியையும் கழற்றி, பவர் பொத்தானை 30 வினாடி அமத்திப் பிடியுங்கோ. பிறகு சார்ஜரை மட்டும் கொழுவிப் பாருங்கோ.

2. திகதி பிழையாகக் காட்டுகிறதா? உள்ளே இருக்கிற சிறிய நாணய பற்றரி முடிந்திருக்கும். அதனால் பயோஸ் அமைப்புகளும் மாறியிருக்கலாம். பற்றரியை மாற்றி, ஹார்ட் டிஸ்க் பயோஸில் தெரிகிறதா என்று பாருங்கோ.

3. பயோஸ் திரை வருகிறது, விண்டோஸ் வரவில்லையா? நண்பரின் கணணியில் லினக்ஸ் மின்டை இறக்கி, 8 ஜிபி யுஎஸ்பியில் ரூஃபஸ் மூலம் எழுதுங்கோ. அந்த யுஎஸ்பியில் இருந்தவை அழிந்துவிடும். 32 பிட் கணணிக்கு ஆன்டிஎக்ஸ் நல்லது. கணணியைப் போடும்போது எஃப்12, எஃப்9 அல்லது எஸ்கேப் அமத்தி யுஎஸ்பியைத் தெரிவு செய்யுங்கோ. நிறுவ வேண்டாம், நிறுவினால் டிஸ்க் அழியலாம். நிறுவாமலே லினக்ஸ் ஓடும். கோவைகளை வேறொரு யுஎஸ்பிக்குப் பிரதி எடுங்கோ. டிஸ்க் "டிக் டிக்" என்று சத்தம் போட்டால் உடனே நிறுத்துங்கோ.

4. மின்விளக்கு எரிகிறது, திரை கறுப்பாகவே இருக்கிறதா? ராம் கழன்றிருக்கலாம், எடுத்துத் திரும்பப் பூட்டிப் பாருங்கோ. அதற்கும் சரிவராவிட்டால் பயோஸ் பழுதாகியிருக்கலாம். சில மாடல்களில் தயாரிப்பாளர் தரும் பயோஸ் கோவையை யுஎஸ்பியில் போட்டு மீட்கலாம். மாடல் இலக்கம் அச்சொட்டாகப் பொருந்த வேண்டும், இடையில் மின்சாரம் போகக்கூடாது. மற்றவற்றில் கடைக்காரர்தான் சிப்பில் எழுதவேண்டும்.

கடைக்குக் கொடுக்கமுன் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி உங்களோடு வைத்திருங்கோ. பயோஸ் வேலைக்கு அது தேவையில்லை. உங்கள் வழக்குக் கடிதங்களை அந்நியர் பார்க்கவேண்டிய தேவையும் இல்லை. நண்பரின் கணணியிலும் பிரதி விட்டுவிட்டு வராதேங்கோ.

கணணி நன்றாக ஓடுகிறதா? அப்ப இண்டைக்கே ஒரு பிரதி எடுத்து வையுங்கோ.