பட்டிழையும் பற்களும்



ஆரணி என்றவுடன் நம் நினைவுக்கு வருவது பட்டு. கமண்டல நாகநதிக் கரையில் அமைந்த இந்நகரிலும், இதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும், தறியோசை கேட்டே வளர்ந்த பிள்ளைகள் பலர். அவர்களுக்கு ஒரு செய்தியை எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. பாவில் ஓர் இழை அறுந்தால் நெசவாளர் தறியை நிறுத்துவார். அவ்விழையை அப்பொழுதே முடிந்துவிட்டுப் பிறகே நாடாவை ஓட்டுவார். "ஓரிழைதானே, பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிட்டால் அக்குறை கோடாக நீண்டு, சேலையின் விலையையே குறைத்துவிடும். இழைக்குக் காட்டும் இக்கவனத்தில் ஒரு சிறு பங்கையேனும் நம் பற்களுக்குக் காட்டுகிறோமா என்பதே இன்று நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய வினா.

பல்லில் கரும்புள்ளி தோன்றினால் பொருட்படுத்துவதில்லை. குளிர்ந்த நீர் பட்டுக் கூசினால் மறுபக்கத்தில் மென்று சமாளிக்கிறோம். இரவில் உறங்கவொட்டாமல் வலிக்கும்போதுதான் மருத்துவரின் நினைவு வருகிறது. அந்நிலையில் வேர்வரை துளைத்துச் செய்யும் சிகிச்சையோ, பல்லைப் பிடுங்குவதோ தவிர வேறு வழி பெரும்பாலும் இருப்பதில்லை.

பல்லைக் காக்கும் முறையைப் பற்றி நம்மிடையே இரண்டு கட்சிகள் உண்டு. "வேப்பங்குச்சியும் ஆலம் விழுதும் இருக்க வேறு என்ன வேண்டும்?" என்பர் ஒரு சாரார். "அவையெல்லாம் பழங்கதை, கடையில் விற்கும் பற்பசையே போதும்" என்பர் மற்றொரு சாரார். இவ்விரண்டில் எது சரி என்று தீர்ப்புச் சொல்வதற்கு முன், பல் ஏன் சொத்தையாகிறது என்பதை நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

பல்லின் வெளிப்புறத்தைப் போர்த்தியிருப்பது பற்சிப்பி. நம் உடலிலேயே மிகக் கடினமான பொருள் அதுதான். அதன் எடையில் ஏறத்தாழ 96 விழுக்காடு கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த தாதுப்பொருள். இவ்வளவு உறுதியான பொருளைத் துளைப்பது எது? புழுவே துளைக்கிறது என்று பல நாட்டு மக்களும் நெடுங்காலம் நம்பினர். நாமும் இன்றுவரை "பூச்சிப் பல்" என்றுதானே சொல்லுகிறோம்? கண்டங்கத்திரி விதையைப் புகைத்து, அப்புகையைப் பல்லில் படச் செய்யும் வழக்கமும் நம் நாட்டில் இருந்தது. பிரான்சு நாட்டுப் பல் மருத்துவர் பியேர் ஃபோஷார், 1728ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் பெருநூலில் இப்புழுக் கொள்கையை மறுத்தார். உண்மைக் காரணத்தை விளக்கியவர் மில்லர் என்னும் அமெரிக்க அறிஞர். பெர்லின் நகரில் ஆய்வு நடத்திய அவர், வாயிலுள்ள நுண்ணுயிர்கள் நாம் உண்ணும் மாவுப்பொருளையும் சர்க்கரையையும் அமிலமாக மாற்றுகின்றன என்றும், அவ்வமிலமே பல்லைக் கரைக்கிறது என்றும் 1890இல் எழுதினார். அந்நுண்ணுயிர்களுள் முதன்மையான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்பதை 1924இல் கிளார்க் என்பவர் இனங்கண்டார். ஆகவே பூச்சி என்று நம் முன்னோர் சொன்னது முற்றிலும் பொய்யன்று. ஓர் உயிர் உண்டு, ஆயின் அது கண்ணுக்குப் புலனாகாதது, கடிப்பதன்று, கரைப்பது.

இக்கரைதலை ஆரணி மாணவர் எளிதில் விளங்கிக்கொள்ளலாம். கோராப் பட்டில் ஃபைப்ராயின் என்னும் இழைப்புரதத்தைச் செரிசின் என்னும் பசைப்புரதம் மூடியிருக்கிறது. சோப்பும் சோடாவும் கலந்த வெந்நீரில் நூலை அவித்தால் அப்பசை கரைகிறது. நூலின் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைகிறது. மறைந்திருந்த பளபளப்பு வெளிப்படுகிறது. அங்கே காரம் செய்யும் வேலையை வாயில் அமிலம் செய்கிறது. ஆனால் வேறுபாடு ஒன்று உண்டு. நூலை அவிப்பவர் பதம் அறிந்து நிறுத்துவார். வாயில் நடக்கும் கரைதலை நிறுத்தும் பொறுப்பு நம்முடையது.

அமிலத்தின் வலிமையை அளக்கும் அளவுகோலில் 7 என்பது நடுநிலை. எண் குறையக் குறைய அமிலத்தன்மை மிகும். ஏறத்தாழ 5.5க்குக் கீழே இறங்கும்பொழுது பற்சிப்பியின் தாதுக்கள் கரையத் தொடங்குகின்றன. இனிப்பை உண்ட சில நிமிடங்களிலேயே பல்லின்மேல் படிந்த அழுக்குப் படலத்தில் இந்நிலை உண்டாகிறது. அது மீண்டும் பழைய நிலைக்கு வர அரைமணி முதல் ஒருமணி நேரம் ஆகலாம். மீட்டுத் தருவது எது? நம் உமிழ்நீரே. அமிலத்தை அது தணிக்கிறது. தன்னிடமுள்ள கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் பல்லுக்குத் திருப்பித் தருகிறது. ஆக, பல்லில் நாள்தோறும் கரைதலும் படிதலும் மாறி மாறி நிகழ்கின்றன. வரவைவிடச் செலவு மிகும்போது முதலில் வெண்புள்ளி தோன்றுகிறது. அந்நிலையில் விழித்துக்கொண்டால் பல்லை மீட்கலாம். குழி விழுந்த பின்னரோ அது தானாக மூடாது; ஏனெனில் பற்சிப்பியில் உயிரணுக்கள் இல்லை; தோல் வளர்வதுபோல் அது வளர்வதில்லை.

இதிலிருந்து ஓர் உண்மை பெறப்படும். எவ்வளவு சர்க்கரை உண்கிறோம் என்பதோடு, எத்தனை முறை உண்கிறோம் என்பதும் பெரிது. குழித்தறியில் நெடுநேரம் அமர்ந்து உழைப்பவர் களைப்பு நீங்க மணிக்கொரு முறை இனிப்பிட்ட தேநீர் அருந்தினால், அவர் உமிழ்நீருக்குப் பல்லைச் சரிசெய்ய நேரமே கிடைப்பதில்லை. பையில் மிட்டாயை வைத்துக்கொண்டு சிறிது சிறிதாகச் சுவைக்கும் மாணவரின் நிலையும் அதுவே. இனிப்பை உணவோடு சேர்த்து உண்டு, இடையில் நீரைப் பருகுதல் நல்ல வழக்கம். உறங்கும்போது உமிழ்நீர் மிகவும் குறைந்துவிடும். ஆதலின் காலையில் துலக்குவதைவிட இரவில் துலக்குவது இன்றியமையாதது. நம்மில் பலர் விட்டுவிடுவதும் அதுவே.

இனி இயற்கைப் பொருள்களைக் காண்போம். ஆலும் வேலும் பற்களுக்கு உறுதி தரும் என்று கூறும் பழமொழியை அறியாதார் இலர். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆலம் விழுதிலும் கருவேலம் பட்டையிலும் துவர்ப்புப் பொருளாகிய டானின் உள்ளது. அது ஈறுகளை இறுகச் செய்கிறது. வேம்பின் சாறு சில நுண்ணுயிர்களின் வளர்ச்சியைத் தடுப்பதை ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டியுள்ளன. இவற்றிற்கெல்லாம் மேலாக, நுனி மென்று நாராக்கிய குச்சி ஒரு தூரிகை. அதனைப் பொறுமையாகத் தேய்க்கும்போது படலம் அகல்கிறது. அரபு நாடுகளில் மிஸ்வாக் என வழங்கும் உகாய் மரக் குச்சியைப் பயன்படுத்தும் வழக்கத்தை உலகச் சுகாதார நிறுவனமே 1986இல் ஆதரித்தது. ஆயினும் ஆய்வுக்கூடத்துக் கிண்ணத்தில் நுண்ணுயிரைத் தடுப்பது வேறு. ஆண்டுக்கணக்கில் மனிதர் வாயில் சொத்தையைத் தடுப்பது வேறு. முன்னதற்குச் சான்று மிகுதி. பின்னதற்குச் சான்று குறைவு. குச்சி கடைவாய்ப் பல்லின் பின்புறத்தை எட்டுவதும் அரிது.

கிராம்பின் கதை இதனை இன்னும் தெளிவாக்கும். கிராம்பு எண்ணெயிலுள்ள யூஜெனால் என்னும் பொருள் பல் நரம்பை மரத்துப்போகச் செய்கிறது. பல் மருத்துவர்களும் இதனைத் துத்தநாக ஆக்சைடுடன் குழைத்துத் தற்காலிகமாகப் பல்லை அடைக்கப் பயன்படுத்துகின்றனர். நாட்டு மருந்தும் நவீன மருத்துவமும் கைகோத்த இடம் இது. ஆனால் வலி நின்றமையால் நோய் நின்றது என்று எண்ணுதல் பெரும்பிழை. உள்ளே குழி ஆழமாகிக்கொண்டே போகும். எண்ணெயை நீர்க்காமல் இட்டால் ஈறும் புண்ணாகும்.

பின்லாந்தின் துர்க்கு நகரில் 1970களில் நடந்த ஆய்வுகள் மற்றோர் இயற்கைப் பொருளின் பயனைக் காட்டின. மரங்களிலிருந்தும் பெறக்கூடிய சைலிட்டால் என்பதே அது. சர்க்கரைபோல் இனிப்பதாயினும் சொத்தை நுண்ணுயிரால் அதனை அமிலமாக்க இயலாது. இவற்றிற்கு நேர்மாறாக, செங்கற்பொடி, கரித்தூள், மணல் ஆகியவை இயற்கைப் பொருள்களாயினும் பல்லுக்குப் பகை. அவை வெண்மை தருவதுபோல் தோன்றிப் பற்சிப்பியையே தேய்த்துவிடுகின்றன. இயற்கை என்ற சொல் ஒன்றே நன்மைக்குச் சான்றாகாது.

பட்டுக்கும் பல்லுக்கும் நேரான உறவும் ஒன்று உண்டு. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் தொழில் புரிந்த லீவை பார்ம்லி என்னும் பல் மருத்துவர், 1819இல் வெளியிட்ட நூலில், மெழுகு பூசிய பட்டு நூலைப் பல்லிடுக்கில் செலுத்தித் தூய்மை செய்யுமாறு அறிவுறுத்தினார். 1882இல் பட்டு நூலே அதற்கெனத் தனியாக விற்பனைக்கு வந்தது. இரண்டாம் உலகப் போரின்போதுதான் நைலான் அதன் இடத்தைப் பிடித்தது. தூரிகை நுழையாத இடுக்கில் நூல் நுழைந்து ஈறுகளைக் காக்கிறது. சாயமேற்றிய தறி நூலையோ சரிகையையோ இதற்குப் பயன்படுத்தலாகாது. மருந்துக் கடையில் கிடைக்கும் நூலே தக்கது. பட்டின் புரதங்களின்மேல் கால்சியம் பாஸ்பேட்டைப் படியவைத்துப் பல்லையும் எலும்பையும் சீராக்க முடியுமா என்று ஆய்வாளர் முயன்று வருகின்றனர். அது இன்னும் ஆய்வுக்கூடத்தளவில் உள்ள முயற்சியே. ஆயினும் அவிக்கும் தொட்டியில் கழிவாகப் போகும் செரிசினுக்கு ஒருநாள் மதிப்பு வரலாம் என்பது ஆரணி மாணவர் கருதத்தக்க செய்தி.

சொத்தையைத் தடுப்பதில் மிக உறுதியான சான்று பெற்ற பொருள் ஃபுளோரைடு. அதுவும் மண்ணிலும் நீரிலும் இயற்கையாக உள்ளதே. பற்சிப்பியில் அது சேரும்போது அமிலத்துக்கு எளிதில் கரையாத தாதுப்பொருள் உண்டாகிறது. ஆனால் அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு. குடிநீரில் ஃபுளோரைடு மிகுந்தால் பற்களில் பழுப்புக் கறை படியும், எலும்பும் முடங்கும். இந்தியாவில் இந்நோய் முதன்முதலில் அறிவிக்கப்பட்டது, அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர் மாவட்டத்தில், 1937இல். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட மக்களை இத்துன்பத்திலிருந்து காப்பதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் குடிநீரில் இருத்தல் கூடாதென்பது வரையறை. பற்பசையிலோ அது விழுங்குவதற்கன்று. பல்லில் பூசித் துப்புவதற்கு. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஓர் அரிசியளவு, மூன்று முதல் ஆறு வயதுவரை ஒரு பட்டாணியளவு பசை போதும். நுரையைத் துப்பியபின் வாயை மிகுதியாகக் கொப்பளிக்காமல் விடுவது பயன் தரும்.

இனிப் பல் மருத்துவம் தரும் துணைகளைச் சுருங்கக் கூறுவோம். ஃபுளோரைடு மெருகை ஆண்டுக்கு இருமுறை பற்களில் பூசலாம். கடைவாய்ப் பல்லின் பள்ளங்களைப் பிசின் போன்ற பொருளால் முன்கூட்டியே அடைக்கலாம். சொத்தை தோன்றிவிட்டால், வெள்ளியும் ஃபுளோரைடும் சேர்ந்த சில்வர் டயமின் ஃபுளோரைடு என்னும் நீர்மத்தைத் தடவி, துளைக்காமலேயே அது பரவுவதை நிறுத்தலாம். பட்ட இடம் கறுத்துவிடும் என்பதே அதன் குறை. கண்ணாடித் தூளும் அமிலமும் சேர்ந்த கிளாஸ் அயனோமர் காரையால் குழியை அடைக்கலாம். அது ஃபுளோரைடையும் சிறிது சிறிதாக வெளியிடும். ஃபுளோரைடுப் பற்பசையையும் இவ்விரண்டையும் உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. இந்தியாவில் டாக்டர் ரஃபியுத்தீன் அகமது 1920இல் கல்கத்தாவில் பல் மருத்துவக் கல்லூரியை நிறுவினார். பல் மருத்துவர் சட்டம் 1948இல் வந்தது. சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்விக்கு 1953இல் தொடக்கம் ஏற்பட்டது. ஆகவே மருத்துவம் நம் எட்டுக்கு அப்பாற்பட்டதன்று. எட்டாமல் நிற்பது நம் கவனமே.

நெசவாளரின் கூலி சேலைக் கணக்கில் வருவது. தறி நின்ற நாளுக்கு வருவாய் இல்லை. ஆதலால், வலி இல்லாதபோது மருத்துவரிடம் செல்வதற்காக ஒருநாள் வேலையை விடுவது அவருக்கு வீண்செலவாகத் தோன்றுகிறது. இது சோம்பலன்று, வறுமையின் கணக்கு. ஆயின் அக்கணக்கின் முடிவைப் பாருங்கள். சிறு குழியை அடைக்க அரைநாள் போதும். முற்றிய பல்லுக்கோ பலநாள் அலைச்சல், பெருஞ்செலவு, பல இரவுகள் உறக்கமின்மை. அன்று விடாத அரைநாளுக்கு வட்டியும் முதலுமாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

இங்கேதான் மாணவராகிய நீங்கள் உதவலாம். வீட்டில் ஆறு வயதுத் தம்பியோ தங்கையோ இருந்தால் அவர்தம் வாயைப் பாருங்கள். பாற்பற்கள் இருபதுக்கும் பின்னால், எந்தப் பல்லும் விழாமலேயே, ஒரு பெரிய கடைவாய்ப் பல் முளைத்திருக்கும். அதனைப் பாற்பல் என்றெண்ணி, "விழப்போகும் பல்தானே" என்று பெற்றோர் விட்டுவிடுவது வழக்கம். அது வாழ்நாள் முழுதும் இருக்க வேண்டிய நிலைப்பல். போனால் மறுபல் இல்லை. அதன் பள்ளங்களை அடைக்கக் கூடுமா என்று, பல் மருத்துவப் பிரிவுள்ள அரசு மருத்துவமனையில் கேட்டறிந்து பெற்றோரிடம் சொல்லுங்கள்.

வேப்பங்குச்சியை விரும்புவோர் அதனை விட வேண்டியதில்லை. காலையில் குச்சியும் இரவில் ஃபுளோரைடுப் பசையும் பகையின்றி ஒரு வாயில் வாழலாம். இனிப்பின் முறையைக் குறைத்தல், இரவில் துலக்குதல், வலி வருமுன் காட்டிக்கொள்ளுதல் ஆகிய மூன்றும் செலவு மிகாதவை. இழை அறுந்தவுடன் முடிவது தறியின் நீதி. பல்லுக்கும் அதுவே நீதி எனக் கொள்வோமாக.