வீடு தூங்கினாலும் மீட்டர் ஓடும்



வீட்டு வயரிங் வேலை பார்க்கிற எனக்கு அதிகம் வருகிற புகார் ஒன்றுதான்: "மீட்டர் வேகமா ஓடுது, வந்து பாருங்க." மீட்டர் கெட்டு வேகமாக ஓடுவது அபூர்வம். பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே ஏதோ ஒன்று சத்தமில்லாமல் கரண்ட் இழுத்துக்கொண்டிருக்கும். அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

டிவியை ரிமோட்டில் அணைக்கிறோம். திரை இருண்டுவிடும், ஓரத்தில் ஒரு சிவப்புப் பொட்டு மட்டும் எரியும். மறுபடி ரிமோட்டை எப்போது அழுத்துவீர்கள் என்று டிவி காத்திருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். இப்படிக் காத்திருக்கும் நிலையைத்தான் ஸ்டாண்ட்பை என்கிறோம். அந்தப் பொட்டு விளக்குக்கு ஆகும் செலவு மிகமிகக் குறைவு. உள்ளே விழித்திருக்கும் பவர் சப்ளைக்கும், ரிமோட்டைக் கவனிக்கும் சர்க்யூட்டுக்கும்தான் கரண்ட் போகிறது.

ஒரு வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். வயதான ஓர் அம்மா, வெளிநாட்டில் இருக்கும் மகனைப் பார்க்கப் போனார்கள். வீடு இரண்டு மாதம் பூட்டிக் கிடந்தது. ஃப்ரிட்ஜைக்கூடக் காலி செய்து அணைத்துவிட்டுத்தான் போயிருந்தார்கள். திரும்பி வந்து பார்த்தால், தமிழ்நாட்டில் அப்போது இலவசமாகக் கிடைத்த 100 யூனிட்டையும் தாண்டி ரீடிங் ஏறியிருந்தது. "ஈ காக்கா இல்லாத வீட்டுல மீட்டர் எப்படி தம்பி ஓடும்?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

மெயினை அணைத்தேன். மீட்டரில் மினுக்கும் சிவப்பு விளக்கு நின்றுவிட்டது, ஆகவே மீட்டர் மேல் குற்றமில்லை. பிறகு, வீட்டின் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியாக இருக்கும் எம்.சி.பி. சுவிட்சுகளை இறக்கிவிட்டு மெயினைப் போட்டு, அவற்றை ஒவ்வொன்றாக ஏற்றினேன். ஹாலுக்கு ஏற்றியதும் மினுக்கல் தொடங்கியது. அங்கே செட்டாப் பாக்ஸ், இணைய மோடம், கேமரா பதிவுப் பெட்டி மூன்றும் இருந்தன. படுக்கையறைக்கு ஏற்றியதும் மினுக்கல் இன்னும் கூடியது. இரண்டு ஏசிகளையும் ரிமோட்டில் மட்டும்தான் அணைத்திருந்தார்கள், சுவரில் ஸ்டெபிலைசர்கள் உயிரோடு இருந்தன. அந்த அம்மா ஒன்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஐயோ, சுடுதே!" என்றார்கள். எல்லாம் சேர்ந்து 70 வாட்டுக்கு மேல் இருந்தது. ஆளில்லாத வீட்டில் ஒரு பழைய சீலிங் ஃபேன் இரவு பகலாக இரண்டு மாதம் சுற்றினால் எவ்வளவு ஆகுமோ, அவ்வளவு.

இதை நீங்களே உங்கள் வீட்டில் சோதிக்கலாம். எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது, அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். பேனா இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

இரவு படுக்கும் முன் வழக்கம்போல எல்லாவற்றையும் அணையுங்கள். ரிமோட்டில் அணைப்பதை ரிமோட்டிலேயே அணையுங்கள். விளக்கும் ஃபேனும் வேண்டாம். ஃப்ரிட்ஜைச் சில நிமிடங்கள் மட்டும் நிறுத்துங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் அதன் பேட்டரி நிறைந்திருக்க வேண்டும், இல்லையென்றால் சார்ஜ் ஆகும் கரண்டும் கணக்கில் சேர்ந்துவிடும். பிறகு டார்ச்சோடு மீட்டருக்குப் போங்கள். எதையும் தொட வேண்டாம், பார்த்தால் போதும். மினுக்கும் விளக்கின் அருகே, ஒரு யூனிட்டுக்கு அது எத்தனை முறை மினுக்கும் என்ற எண் அச்சிட்டிருக்கும். பல மீட்டர்களில் அது 3200. ஒரு மினுக்கலுக்கும் அடுத்ததற்கும் இடையே எத்தனை நொடி என்று எண்ணுங்கள். 1125-ஐ அந்த நொடிகளால் வகுத்தால் வாட் கிடைக்கும். மறுபடி சொல்கிறேன், 1125. முப்பது நொடிக்கு ஒரு முறை என்றால் ஏறக்குறைய 37 வாட். உங்கள் மீட்டரில் வேறு எண் இருந்தால், 36 லட்சத்தை அந்த எண்ணால் வகுத்து, 1125-க்குப் பதிலாக வருவதை வைத்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் ஃப்ரிட்ஜை மறக்காமல் போடுங்கள். வீட்டுப் பிள்ளைகளிடம் இந்தக் கணக்கைக் கொடுத்துப் பாருங்கள், பெரியவர்களைவிட ஆர்வமாகச் செய்வார்கள்.

யார் அதிகம் இழுக்கிறார்கள்? எல்லோரும் முதலில் செல்போன் சார்ஜரைத்தான் சொல்வார்கள். போன் மாட்டாத புதிய சார்ஜர் இழுப்பது ஒரு வாட்டில் சிறு பங்குதான். புதிய டிவிகளும் பரவாயில்லை. 1998-இல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தைச் சேர்ந்த ஆலன் மேயர், எந்தச் சாதனமும் ஸ்டாண்ட்பையில் ஒரு வாட்டைத் தாண்டக்கூடாது என்ற யோசனையை முன்வைத்தார். அடுத்த ஆண்டே சர்வதேச எரிசக்தி முகமை அதைக் கையில் எடுத்தது. 2013 முதல் ஐரோப்பிய ஒன்றியம் பெரும்பாலான வீட்டுச் சாதனங்களுக்கு அரை வாட் வரம்பு வைத்தது. அதன் பலன் நம் ஊருக்கு வரும் சாதனங்களிலும் தெரிகிறது. ஆனால் டிவியில் 'விரைவாகத் தொடங்கு' என்ற வசதியைப் போட்டு வைத்திருந்தால் செலவு பல மடங்கு ஏறும். அதை எடுத்துவிடுங்கள்.

என் கணக்கில் முதல் ஆள் செட்டாப் பாக்ஸ்தான். ரிமோட்டில் அணைத்தாலும் பல பாக்ஸ்கள் ஓடும்போது இழுக்கிற அளவையே ஏறக்குறைய இழுக்கும். காலையில் எழுந்ததும் அதன் மேல் கை வைத்துப் பாருங்கள், இளஞ்சூடாக இருக்கும். 10 வாட் என்று வைத்தால் வருடத்துக்கு 87 யூனிட். அடுத்தது ஏசி ஸ்டெபிலைசர். ஏசியை ரிமோட்டில் நிறுத்திய பிறகு சுவரிலிருக்கும் சுவிட்சையும் அணைத்தால்தான் அது ஓயும். கோடை முடிந்த பிறகும் மாதக்கணக்கில் ஸ்டெபிலைசர் சூடாகிக்கொண்டிருக்கும் வீடுகளை நிறையப் பார்க்கிறேன், வருத்தமாக இருக்கிறது.

மக்களுக்கு அக்கறை இல்லை என்று நான் சொல்லமாட்டேன். சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்! நம் நாட்டில் ஒவ்வொரு பிளக்குக்கும் பக்கத்தில் ஒரு சுவிட்ச் உண்டு. அமெரிக்க வீடுகளில் பெரும்பாலும் அந்த வசதி கிடையாது. நமக்குக் கிடைத்த இந்த நல்ல வசதியை, டிவிக்கு மர அலமாரி செய்யும்போது பலகைக்குப் பின்னால் மூடிவிடுகிறோம். அப்புறம் யார் கையை விட்டுத் துழாவி அணைப்பார்கள்? புது வீடு கட்டுபவர்கள், தயவுசெய்து இதை மட்டும் கேளுங்கள். டிவிக்கான பிளக் பின்னால் இருக்கட்டும், அதன் சுவிட்ச் மட்டும் கைக்கு எட்டும் போர்டில், விளக்கு சுவிட்சோடு வரட்டும். வயரிங் நடக்கும்போது சொன்னால் கூடுதல் செலவு சொற்பம். கட்டி முடித்த வீட்டில் சுவிட்ச் வைத்த நல்ல எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்றை முன்னால் கொண்டுவந்தால் போதும். அதில் டிவி, செட்டாப் பாக்ஸ் போன்றவற்றை மட்டும் மாட்டுங்கள். ஏசியும் ஹீட்டரும் அதில் கூடவே கூடாது.

அணைக்கக் கூடாதவையும் உண்டு. ஃப்ரிட்ஜ், இன்வெர்ட்டர், வீட்டுக்குக் காவலாக வைத்த கேமரா எல்லாம் ஓடட்டும். இங்க் பிரிண்டரை அதன் பொத்தானில் அணைத்த பிறகே சுவர் சுவிட்சை அணையுங்கள், இல்லையென்றால் மை காய்ந்து அடைத்துக்கொள்ளும்.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 2022 செப்டம்பரில் வந்த தமிழ்நாட்டுக் கட்டணப்படி, இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் என்றால் 1,725 ரூபாய். ஒரே ஒரு யூனிட் கூடி 501 ஆனால் 1,958 ரூபாய். 500-ஐத் தாண்டியதும் 101 முதல் 200 வரையிலான சலுகை விலை போய்விடுகிறது. அதன்பின் விலைகள் மாறியிருக்கின்றன. ஆனால் அந்த 500 என்ற கோட்டுக்கருகே நிற்கும் வீடுகளுக்கு, 30 வாட் ஸ்டாண்ட்பை இரண்டு மாதத்தில் தின்னும் 43 யூனிட் பெரிய விஷயம்.

நேரம் முடியப்போகிறது. மீட்டரைப் பாருங்கள், செட்டாப் பாக்ஸையும் ஸ்டெபிலைசரையும் சுவரிலேயே அணையுங்கள், சுவிட்சைக் கைக்கு எட்டும்படி வையுங்கள். இன்று இரவே ஒரு முறை மினுக்கலை எண்ணிப் பார்ப்பீர்கள் என்று நம்புகிறேன்.