யாழ்ப்பாணத்துப் பெரியகோயில்

யாழ்ப்பாண நகரின் தென்பகுதியில், குருநகருக்கு அணித்தாக விளங்கும் புனித மரியன்னை பேராலயத்தை ஊரவர் பெரியகோயில் என்றே வழங்குவர். இன்று அங்கு காணப்படுவது இருபதாம் நூற்றாண்டில் எழுந்த கட்டடம். ஆயின் அதன் வரலாறோ கட்டடத்தினும் மூத்தது. கோயில் இல்லாதிருந்த காலத்தையும் தன்னுள் அடக்கியது.

1619ஆம் ஆண்டில் பிலிப் தெ ஒலிவெய்ரா யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினான். 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் இடிக்கப்பட்டது. குடாநாடெங்கும் போர்த்துக்கேயர் தேவாலயங்களை எழுப்பினர். அவர்தம் கோட்டையும் அற்புத மாதாவின் பெயரையே தாங்கியது. 1658இல் ஒல்லாந்தர் அக்கோட்டையைப் பிடித்தபோது நிலை தலைகீழாயிற்று. கத்தோலிக்க வழிபாடு தடுக்கப்பட்டது, குருமார் வெளியேற்றப்பட்டனர், ஆலயங்கள் சீர்திருத்த சபையின் உடைமைகளாயின. பிறர் கோயிலை இடித்த அரசின் சமயத்தார், நாற்பது ஆண்டு கழியுமுன் தம் கோயில்களை இழந்து நின்றனர்.

1687இல், கோவாவைச் சேர்ந்த யோசப் வாஸ் அடிகளார் ஏழைத் தொழிலாளியின் கோலத்தில் இலங்கை வந்தார். கழுத்திற் கிடந்த செபமாலையே மறைந்து வாழ்ந்த கத்தோலிக்கருக்கு அவரை அடையாளங் காட்டியது. சில்லாலை அவருக்கு அடைக்கலமளித்தது. இரவில், வீடுகளிலே பூசை நடைபெற்றது. 1689இல் கிறிஸ்து பிறப்பு விழா இரவில் அவ்வாறு கூடியிருந்தோரை ஒல்லாந்தர் சிறைப்பிடித்தனர். கோயிலென்று சொல்ல ஒரு கல்லும் இல்லாத காலத்தில், கூடியிருந்த மக்களே கோயிலாயினர்.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்தரின் கண்டிப்புத் தளர்ந்தது. நகரில் கத்தோலிக்க ஆலயம் வெளிப்படையாக எழலாயிற்று. 1795இல் ஆங்கிலேயர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினர். 1806இல் கத்தோலிக்கர்மீதிருந்த சட்டத் தடைகள் நீக்கப்பட்டன. 1847இல் அமலமரித் தியாகிகள் சபையினர் வந்து சேர்ந்தனர். 1886இல் யாழ்ப்பாணம் மறைமாவட்டமாயிற்று. பெரியகோயில் ஆயரின் பேராலயமாயிற்று.

கட்டட அமைப்பை நோக்கின், இரு சமய மரபுகளின் வேறுபாடு தெளிவாகும். ஒல்லாந்தர் 1706இல் கோட்டையினுள் கட்டிய தேவாலயம் நான்கு கைகளும் சம நீளமுள்ள சிலுவை வடிவினது. நடுவே கூடும் நான்கு பக்கங்களிலிருந்தும் போதகரின் குரலைக் கேட்பதற்கு அது உகந்தது. கத்தோலிக்க மரபிலோ நீண்ட நடுமண்டபம் மக்களின் பார்வையைக் கிழக்கு மேற்கென்று சிதறவிடாது ஒரு முனையிலுள்ள பீடத்தை நோக்கி நடத்திச் செல்லும். முன்னது செவிக்கு முதலிடம் அளிப்பது. பின்னது கண்ணுக்கும் காலுக்கும் வழி வகுப்பது.

வடிவம் மேல்நாட்டினதாயினும், குடாநாட்டின் பழைய ஆலயங்களுக்குப் பொருள் தந்தது இந்த மண்ணே. முருகைக்கல்லும் சுண்ணாம்பும் சுவராயின. வைரமேறிய பனைமரம் கூரையைத் தாங்கியது. வீட்டுக்கு வளையும் சலாகையும் தந்த பனையே கோயிலுக்கும் தந்தது. சங்கானையிலுள்ள பழைய தேவாலயத்தின் இடிபாடுகள் முருகைக்கல்லின் உறுதிக்கு இன்றும் சான்றாக நிற்கின்றன.

அண்மைக் காலப் போர் எச்சமயத்தையும் விட்டுவைக்கவில்லை. கோட்டையிலிருந்த ஒல்லாந்தர் தேவாலயம் 1990ஐ அடுத்த ஆண்டுகளில் அழிந்தது. 1993 நவம்பர் 13ஆம் நாள் குருநகர்ப் புனித யாகப்பர் ஆலயம் விமானக் குண்டுவீச்சுக்கு இலக்காயிற்று. 1995 யூலை 9ஆம் நாள் நவாலிப் புனித பேதுரு பாவுலு ஆலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்தோரில் நூற்றுக்கு மேற்பட்டோர் குண்டுவீச்சில் மாண்டனர். அவ்வாண்டு ஒக்டோபர் இறுதியில் நகரமே வெறுமையாயிற்று. மக்கள் மீண்டபின்னரே கோயில்களில் மணியோசை முன்போல் ஒலித்தது.

2015ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள், கொழும்பு காலிமுகத் திடலில், பாப்பரசர் பிரான்சிஸ் யோசப் வாஸ் அடிகளாரைப் புனிதராக அறிவித்தார். ஒருகாலத்தில் இரவிலே மறைந்து பூசை செய்தவரின் பெயர் பகல் வெளிச்சத்தில், பல்லாயிரவர் முன்னிலையில் உரைக்கப்பட்டது. பெரியகோயிலின் உயர்ந்த சுவர்களைக் காண்போர், அவற்றுக்கு முன்னிருந்த சில்லாலையின் சிறு வீடுகளையும் நினைத்தல் வேண்டும். கல்லை எந்த அரசும் வீழ்த்தலாம். கூடி வழிபடும் மக்களின் உறுதியை வீழ்த்துதல் எளிதன்று. நல்லூருக்கும் இது பொருந்தும். பெரியகோயிலுக்கும் இது பொருந்தும்.