நூதனசாலையில் நாம் செய்த தொண்டு

(மன்றத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



தொண்டு என்றவுடன் எமது மன்றத்தவர்க்கு நினைவில் வருபவை தேர்த் திருவிழாவிலே தண்ணீர்ப் பந்தல் வைப்பதும், அன்னதானத்திலே பந்தி விசாரிப்பதும், கோயில் வீதி கூட்டுவதுமேயாம். அவை யாவும் வேண்டியவையே. சென்ற ஆண்டிலே வேறொரு தொண்டையும் கையேற்றோம். வெளியூர்களிலிருந்து கொழும்பு நூதனசாலையைப் பார்க்க வரும் தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகளோடு கூடச் சென்று, அங்குள்ளவற்றைத் தமிழிலே எடுத்துச் சொல்வதே அது. அதைப்பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தார். நாம் செய்த நன்மையிலும் பார்க்க நாம் பட்ட வெட்கத்தையே கூடுதலாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்தருள்க.

கறுவாத்தோட்டத்திலுள்ள அந்த வெள்ளை மாளிகை தேசாதிபதி சேர் வில்லியம் கிரெகரி காலத்தில் எழுப்பப்பெற்று, 1877ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி திறக்கப்பட்டது. அதைக் கட்டிக் கொடுத்தவர் வாப்பிச்சி மரைக்கார். உள்ளே நுழைந்ததும் பிள்ளைகள் கண்டியரசரின் சிம்மாசனத்தையும் முடியையும் தேடி ஓடுவார்கள். ஓடுகிற பிள்ளையை மறித்து, "இந்தக் கல்லைப் பார்" என்றால் நிற்குமா? நிற்பதற்காக நாமும் கொஞ்சம் உப்புப் புளி சேர்த்துச் சொல்லத் தொடங்கினோம். பிழை அங்கேதான் ஆரம்பித்தது.

அங்கே காலிக் கல்வெட்டு என்று ஒன்று நிற்கிறது. சீனச் சக்கரவர்த்தி யொங்லே அனுப்பிய கடற்படைத் தளபதி செங் ஹோ கொண்டுவந்த கல் அது. அதிற் பொறித்த ஆண்டு 1409. சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகளில் எழுதப்பட்டிருக்கிறது. 1911ஆம் ஆண்டிலே காலி நகரிற் கண்டெடுக்கப்பட்டபோது, எழுத்துள்ள முகம் கீழே இருக்க, ஒரு மதகை மூடும் பலகையாகக் கிடந்ததாம். சக்கரவர்த்தியின் காணிக்கை மதகுக்கு மூடியாயிற்று!

எம்முள் ஒருவர் இந்தக் கல்லின்முன் நின்று, தமிழ்ப் பகுதியைச் சுட்டிக்காட்டி, "சீனச் சக்கரவர்த்தி எங்கள் சிவபெருமானின் பாதத்திலே பொன்னும் வெள்ளியும் சொரிந்து, தமிழுக்குத் தலைவணங்கிய கல் இது" என்று முழங்கினார். பிள்ளைகள் வாய் பிளந்து நின்றார்கள். ஆசிரியர் கைதட்டினார். பின்னால் நின்ற முதியவர் ஒருவர் மெல்லக் கிட்ட வந்து, "தம்பி, இதிலை எந்த வரியிலை சிவபெருமான் எண்டு கிடக்கு? ஒருக்கால் வாசிச்சுக் காட்டுமன்" என்றார். எமது நண்பர் கல்லைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். அதில் ஓரெழுத்தேனும் அவருக்கு வாசிக்கத் தெரியாது. நாம் மற்றவர்களும் அப்படியே.

அந்த ஐயா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். எம்மைக் கடிந்து பேசவில்லை. சனிக்கிழமை தோறும் தம் வீட்டுக்கு வரச் சொன்னார். கல்வெட்டின் படியொன்றை விரித்து வைத்து எழுத்துக் கூட்டப் பழக்கினார். அக்காலத்தவர் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை. காலையும் ரகரத்தையும் வேறுபடுத்துவதில்லை. இவ்விரண்டும் பிடிபட்டபின் பாதிக் கதவு திறந்ததுபோலாயிற்று. தமிழ்ப் பகுதி போற்றுவது தெனவரை நாயனாரை. நாயனார் என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தே சிவபெருமான் என்று நாம் முடிவு கட்டிவிட்டோம். அறிஞர்களோ தெனவரையிற் கோயில் கொண்ட விஷ்ணு என்றே கொள்கின்றனர். தெனவரை என்பது இன்றைய தெவிநுவர. அந்தக் கோயிலை 1588இல் போர்த்துக்கேயர் இடித்தனர்.

இன்னுமொன்று. சீனப் பகுதியிலே காணிக்கை புத்த பெருமானுக்கு. மிகத் தேய்ந்துபோன பாரசீகப் பகுதியிலே இஸ்லாம் போற்றப்படுகிறது. மூன்று சமயத்தார்க்கும் ஏறத்தாழ ஒரேவகையான காணிக்கைகள். தமிழ்ப் பகுதியிலே பொன் 1000, வெள்ளி 5000 என்று தொடங்கி வரிசை நீள்கிறது. நாம் எமது மூலையை மட்டும் காட்டி மற்ற இரண்டையும் மறைத்துவிட்டோம். அன்று கைதட்டிய பிள்ளைகள் எந்த ஊரார், எந்தப் பாடசாலையார் என்றும் குறித்து வைக்கவில்லை. அவர்களைத் தேடிச் சென்று திருத்திச் சொல்ல இனி வழியில்லை. இது இன்றும் எமக்கு உறுத்தலாயிருக்கிறது.

இப்போது நாம் குறைவாகவே பேசுகிறோம். "இந்தக் கல்லிலே உனக்குத் தெரிந்த ஓரெழுத்தைக் கண்டுபிடி" என்று விட்டுவிடுவோம். சிம்மாசனத்துக்கு ஓடிய பிள்ளைகளும் திரும்பி வந்து, "ஐயா, 'ம' கிடக்கு!" என்று கத்துகிறார்கள். காவலாளர் வந்து சத்தம் போடவேண்டாம் என்று சொல்லுமளவுக்கு ஆரவாரம்!

வெண்கல விக்கிரகங்களின்முன் வேறொரு சங்கடம். பொலன்னறுவைச் சிவாலய இடிபாடுகளில் 1907, 1908 அளவில் மண்ணிலிருந்து எடுக்கப்பட்ட விக்கிரகங்கள் அங்கே உள்ளன. சேர் பொன்னம்பலம் அருணாசலமும் கலாயோகி ஆனந்த குமாரசுவாமியும் அவற்றைப்பற்றி எழுதி உலகறியச் செய்தனர். ஒருநாள் வயோதிபத் தாயொருவர் நடராசர்முன் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பி நின்றார். பேரப்பிள்ளை கேட்டது: "அம்மம்மா, சாமியை ஏன் பூசையில்லாமல் இங்கை வைச்சிருக்கினம்?"

அந்த அம்மா எம்மைப் பார்த்தார். கண்டெடுத்த ஆண்டைச் சொன்னோம். மண்ணுக்குள் கிடந்ததைச் சொன்னோம். பிள்ளை கேட்டது அதுவன்று. ஆகமம் கற்ற பெரியோர் இச்சபையிலே இருக்கிறீர்கள். அந்தப் பிள்ளைக்கு என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று கூட்டம் முடிந்தபின் எமக்குச் சொல்லித்தர வேண்டுகிறோம்.

வரும் ஆண்டுக்கு மேலும் ஆறு இளைஞர் வேண்டும். பேச்சு வன்மை வேண்டியதில்லை. சனிக்கிழமை பின்னேரம் நான்கு மணிக்கு அந்த ஐயாவின் வீட்டுத் திண்ணைக்கு வந்து எழுத்துக் கூட்டப் பழகினாற் போதும். பென்சிலும் கொப்பியும் கொண்டு வருக. தேநீர் அங்கே கிடைக்கும்.