ஏப்ரல் முதல் தேதிக்கு முன்னும் பின்னும்



இந்தச் சொற்பொழிவு யார் நினைவாக நடக்கிறதோ, அந்தத் தலைமையாசிரியரிடம் நான் ஆறு ஆண்டுகள் வேலை பார்த்தேன். சம்பள நாளில் புதிதாகச் சேர்ந்தவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, சேமநல நிதிக்கு எவ்வளவு பிடிக்கச் சொல்லியிருக்கிறோம் என்று விசாரிப்பார். "வயசான காலத்துல பிள்ளைங்க கையை எதிர்பார்க்கக் கூடாதுப்பா" என்பார். நாங்கள் எதிர்பார்க்கவில்லை. இன்று எங்களில் பலர் வீட்டில், முப்பது வயதுப் பிள்ளைகள்தான் எங்கள் கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

"நாங்க படாத கஷ்டமா?" இந்தக் கேள்வி என் வாயிலிருந்தும் வந்ததுண்டு. அது பொய்யுமில்லை. 1971இல் தமிழ்நாட்டில் பிறந்த 1,000 குழந்தைகளில் நூற்றுக்கு மேற்பட்டவை ஒரு வயதைத் தாண்டவில்லை. 2020இல் அந்த எண்ணிக்கை 13. என் அம்மா பெற்ற ஆறு பேரில் இரண்டு பேர் அந்தப் பழைய கணக்கில் போனவர்கள். பள்ளிக்கூடத்தில் மதியச் சோறு போட்டிராவிட்டால் நான் ஐந்தாம் வகுப்போடு மாடு மேய்க்கப் போயிருப்பேன். அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல எனக்கு நாக்கு எழாது.

ஆனால் எங்களுக்கு ஒன்று வாய்த்திருந்தது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டு காத்திருந்தோம். பதிவு மூப்பு வரும்போது கடிதம் வரும். எனக்கு 1987இல் வந்தது, வயது 25. காத்திருந்த நாலு வருடமும் வயலில் கூலிக்குப் போனேன். ஆனால் வரிசை நகர்கிறது என்பது தெரிந்திருந்தது. சேர்ந்த அன்றைக்கே என் முதுமைக்கும் வழி பிறந்துவிட்டது.

அந்த ஓய்வூதிய ஏற்பாடு மாறிய தேதி எல்லா அரசு ஊழியருக்கும் மனப்பாடம்: 2003 ஏப்ரல் 1. அன்றும் அதற்குப் பிறகும் தமிழக அரசுப் பணியில் சேர்ந்தவர்களுக்குப் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம் என்றானது. மத்திய அரசில் 2004 ஜனவரி 1. எங்கள் ஆசிரியர் அறையில் 2000இல் சேர்ந்தவரும் 2007இல் சேர்ந்தவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இருந்தார்கள். ஒரே பாடம், ஒரே விடைத்தாள் கட்டு. முன்னவருக்குப் பணிக்காலம் முடிந்தால் கடைசிச் சம்பளத்தில் பாதி, உயிருள்ளவரை. அவருக்குப் பின் அவர் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம். பின்னவருக்கு மாதாமாதம் நூற்றுக்குப் பத்து பிடித்தம். கடைசியில் கைக்கு என்ன வரும் என்று அப்போது யாரும் அவருக்கு உறுதியாகச் சொல்லவில்லை. முதுமையின் பாரத்தை அரசு தன் தோளிலிருந்து இறக்கி அவர் தோளில் வைத்தது. அவராவது அரசு வேலையில் இருந்தார்.

வேலைக்கு வெளியே நிற்பவர்களைப் பார்க்க வேண்டுமானால் மாவட்ட மைய நூலகத்துக்குக் காலை எட்டு மணிக்குப் போங்கள். அரசு வேலைத் தேர்வுக்குப் படிப்பவர்கள் சாப்பாட்டு டப்பாவும் தண்ணீர் பாட்டிலுமாக, திறக்கும் முன்பே வாசலில் காத்திருப்பார்கள். 2022 குரூப் 4 தேர்வு அறிவிப்பில் இருந்த இடங்கள் 7,301. விண்ணப்பித்தவர்கள் சுமார் 22 லட்சம் பேர். பிறகு இடங்களைக் கூட்டினார்கள் என்றாலும், அந்த 22 லட்சத்துக்கு அது எந்த மூலைக்கு? அந்த நூலகத்தில் பொறியியல் முடித்த ஒரு தம்பியைப் பார்த்தேன். கையில் ஆறாம் வகுப்புச் சமூக அறிவியல் புத்தகம். தேர்வுக்கு அதைத்தான் வரிவரியாகப் படிக்க வேண்டும். அதே பாடத்தை அவனுக்கு வகுப்பில் நடத்தியவன் நான். எழுந்து நின்று, "சார், நீங்க அடிக்கோடு போடச் சொன்ன இடம் இன்னும் ஞாபகம் இருக்கு" என்றான். எனக்குப் பேச்சு வரவில்லை.

அவனுக்குக் கல்விக் கடன் இருக்கிறது. நாலு லட்சம் வரை ஜாமீன் சொத்து கேட்காமல் வங்கி கொடுக்கும். ஆனால் படிப்பு முடிந்து ஒரு வருடம் ஆனால், வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் தவணை தொடங்கிவிடும். என் அப்பா பட்ட கடன் அக்கா கல்யாணத்துக்கு. நான் கடனில்லாமல் வாழ்க்கையைத் தொடங்கினேன். இவன் கடனோடு தொடங்குகிறான்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போனால் நான் நேர்மையற்றவனாவேன். பெற்றோர் காலத்தைவிடக் கடினமா என்று கேட்கிறோமே, யாருடைய பெற்றோர்? நிரந்தர வேலையும் ஓய்வூதியமும் பெற்ற நாங்கள் அன்றும் சிறு கூட்டம்தான். சேரியில் பிறந்து நாற்று நட்ட ஒரு தாயின் மகள் கல்லூரிக்குப் போய்ப் படித்திருக்கிறாள். 2021-22 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் நூற்றுக்கு 47. இந்தியாவுக்கு 28 சொச்சம். அந்த மகளிடம் போய் உன் வாழ்க்கை உன் அம்மாவுடையதைவிடக் கஷ்டம் என்றால் அவள் ஏற்க மாட்டாள். ஆனால் படித்தால் கரையேறலாம் என்று அவளிடம் சொன்னவர்கள் நாங்கள். அவள் படித்துவிட்டாள். இப்போது பன்னிரண்டு மணி நேரம் நின்றபடி ஜவுளிக்கடையில் துணி எடுத்துப் போடுகிறாள். அம்மாவுக்கு இந்த ஏமாற்றம் கிடையாது. அந்தத் தாய்க்கு யாரும் எதையும் வாக்களிக்கவில்லை.

அதனால்தான் கஷ்டத்தைத் தராசில் வைத்து நிறுக்க எனக்குச் சம்மதமில்லை. காலியாகக் கிடக்கும் இடங்களை நிரப்புங்கள், தேர்வு தேதியையும் முடிவு தேதியையும் சொன்னபடி நடத்துங்கள், தவணையை வேலை கிடைக்கும் வரை தள்ளிவையுங்கள் என்று ஆட்சியாளர்களிடம் கேட்பதற்கு, முதலில் நாங்கள் "நாங்க படாத கஷ்டமா" என்பதை நிறுத்த வேண்டும்.

என் மகனுக்கு 31 வயது. மூன்று ஒப்பந்த வேலை பார்த்துவிட்டான், மூன்றும் முடிந்துவிட்டன. ஓய்வூதியம் வங்கிக்கு வந்ததும் அவன் கடன் தவணையைக் கட்டுகிறேன். போன மாதம் என் மருந்துச் சீட்டை வாங்கிப் பார்த்தவன், "அப்பா, மாத்திரையை ஒழுங்கா சாப்பிடுங்க" என்றான். அன்பாகத்தான் சொன்னான். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டான்.