கண்ணயரும் போர்ட்

ஞாயிற்றுக்கிழமை, ஓசூர் சிப்காட்டில் ஆளில்லாத ஓர் அலுவலகம். நெட்வொர்க் சுவிட்சில் மட்டும் பச்சை விளக்குகள் எரிகின்றன. பழைய வகை ஜிகாபிட் இணைப்பில், அனுப்பத் தகவலே இல்லாவிட்டாலும் கேபிளின் இரு முனைகளும் ஓயாமல் சிக்னல் அனுப்பிக்கொண்டே இருக்கும். கரண்ட் வீணாகப் போய்க்கொண்டிருக்கும்.

இதற்கு 2010-இல் ஐஇஇஇ அமைப்பு 802.3ஏஇசட் என்ற தரத்தைக் கொண்டுவந்தது. வேலை இல்லாதபோது, கேபிள் செருகும் போர்ட் கண்ணயரும். இணைப்பு அறுந்துவிடாதபடி அவ்வப்போது ஒரு சின்ன சிக்னல் மட்டும் போகும். தகவல் வந்துவிட்டால் ஜிகாபிட் போர்ட் விழிக்க ஏறக்குறைய 16.5 மைக்ரோ வினாடி போதும். ஆனால் இரு முனைக் கருவிகளிலும் இந்த வசதி இருக்க வேண்டும்.

போர்ட்டுக்கு அரை வாட் மிச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 200 போர்ட்டுக்கு 100 வாட். ஆண்டு முழுக்க அப்படியே இருந்தால் 876 யூனிட்! அறையில் சூடும் குறையும்.

அதற்காகத் தொழிற்கூடம் முழுவதும் இந்த வசதியைப் போட்டுவிடாதீர்கள். ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் வண்டி உதிரிபாகம் செய்யும் ஆலைகளில் ரோபோவும் சர்வோ மோட்டாரும் ஒரே தாளத்தில் இயங்கியாக வேண்டும். அங்கே விழிக்கும் அந்தச் சிறு தாமதமே நேரக் கணக்கைக் குலைக்கக்கூடும். அலுவலகக் கணினி, பிரின்டர் போர்ட்டுகளில் தாராளமாக வைக்கலாம். இயந்திரங்களுக்குப் போகும் போர்ட்டுகளில் அணைத்துவிடுவதே நல்லது. ஏதாவது பழைய கருவியில் அடிக்கடி இணைப்பு விட்டுப்போனால், அந்த ஒரு போர்ட்டில் மட்டும் இதை அணைத்துப் பாருங்கள்.