வம்சாவளி யாருக்கு இருக்கிறது?

(சதுரங்கப்பட்டினத்தில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய கருத்தரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



கூட்டத்துக்கு வருவதற்கு முன்னால் இங்கே இருக்கிற டச்சுக் கோட்டைக்குள் போய்விட்டு வந்தேன். நீங்களெல்லாம் பலமுறை போயிருப்பீர்கள். உள்ளே கல்லறைகள் இருக்கின்றன. கல்லில் பேர் வெட்டியிருக்கிறான், செத்த வருஷம் வெட்டியிருக்கிறான், குடும்பச் சின்னம் வெட்டியிருக்கிறான். எங்கேயோ பிறந்து வியாபாரத்துக்கு வந்து, நம்ம கடற்கரையில் முந்நூறு வருஷத்துக்கு முன்னால் செத்துப்போனவன் இன்னார் என்று இன்றைக்கும் சொல்ல முடிகிறது. அதைத் தொல்லியல் துறை காவல் போட்டுப் பாதுகாக்கிறது. சரி, பாதுகாக்கட்டும். அந்தக் கோட்டைக்குச் செங்கல் சுமந்தவன் பேர் என்ன? சுண்ணாம்பு அரைத்தவள் பேர் என்ன?

வேறு யாரையும் கேட்க வேண்டாம், என்னையே கேட்டுக்கொள்கிறேன். என் அப்பா பேர் தெரியும். தாத்தா பேர் தெரியும். தாத்தாவுக்கு அப்பா? அங்கேயே கதவு சாத்திவிடுகிறது.

சில வருஷங்களுக்கு முன்னால் எங்கள் குடும்பத்துக்குப் பாத்தியப்பட்டது என்று சொல்லப்பட்ட ஒரு துண்டு நிலத்துக்காக ஒரு தாலுகா ஆபீசில் போய் நின்றேன். "உங்க பாட்டனாரோட அப்பா பேரு சொல்லுங்க" என்றார் அங்கிருந்தவர். ஊருக்குப் போய் ஆயாவைக் கேட்டேன். "பெரிய கெழவன்னுதான் நாங்க கூப்புடுவோம். பேரு வெச்சு கூப்ட்டது ஆண்டை வூட்லதான். அவங்க என்ன பேர்ல கூப்ட்டாங்களோ, யாருக்குத் தெரியும்" என்றது ஆயா. திரும்பிப் போய் இதைச் சொன்னேன். "அப்போ லிங்க் இல்லையே தம்பி" என்று கட்டை மூடி வைத்துவிட்டார். ஒரு பேர் தெரியாமல் போனதால் ஒரு நிலம் போனது. அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. வம்சாவளி என்பது பெருமை பேசுகிற விஷயமல்ல, அது ஒரு சொத்துப் பத்திரம்.

அதனால் இன்று ஒரு ஸ்காட்லாந்துக் குடும்பத்தின் கதையைச் சொல்கிறேன். ஏன் ஸ்காட்லாந்து என்று கேட்பீர்கள். நம்ம நிலத்தின் கதை அங்கேயும் எழுதப்பட்டிருக்கிறது, அதனால்தான்.

சென்னை தீவுத்திடல் பக்கம் குதிரைமேல் உட்கார்ந்திருக்கிறாரே தாமஸ் மன்றோ, அவரை எல்லோருக்கும் தெரியும். 1839இல் வைத்த சிலை. சேணம் இல்லை, அங்கவடி இல்லை என்று வேடிக்கை பார்த்துவிட்டுப் போகிறோம். அவர் குடும்பத்தைப் பார்ப்போம். தாமஸ் மன்றோ 1761இல் கிளாஸ்கோவில் பிறந்தவர். அப்பா அலெக்சாண்டர் மன்றோ ஒரு வியாபாரி. அமெரிக்காவின் வர்ஜீனியாவோடு வியாபாரம். அந்தக் காலத்துக் கிளாஸ்கோ வியாபாரிகளின் செல்வத்துக்கு அடிப்படை வர்ஜீனியாப் புகையிலை. புகையிலையை விளைவித்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து சங்கிலி போட்டுக் கொண்டுபோகப்பட்ட கறுப்பின அடிமைகள். அமெரிக்க விடுதலைப் போர் வந்தது, வியாபாரம் நொடித்தது. பையன் கம்பெனிப் பட்டாளத்தில் சேர்ந்து 1780 ஜனவரியில் சென்னையில் வந்து இறங்கினான். வர்ஜீனியாவில் வருமானம் அடைபட்ட குடும்பத்துக்கு இந்தப் பக்கம் கதவு திறந்தது.

அதே வருஷம் செப்டம்பர் 10, காஞ்சிபுரம் பக்கத்தில் பொள்ளிலூர். ஹைதர் அலி, திப்பு படைகளிடம் கர்னல் பெய்லி மாட்டிக்கொண்டார். அவரும் ஸ்காட்லாந்துக்காரர். உதவிக்குப் போக வேண்டிய பெரிய படை காஞ்சிபுரத்தில் நின்றது. அதன் தளபதி ஹெக்டர் மன்றோ. இவர் தாமஸ் மன்றோவுக்கு நெருங்கிய உறவல்ல, குலப்பெயர்தான் ஒன்று. பெய்லி தோற்றதும் ஹெக்டர் மன்றோ கனமான பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டுக்கு ஓடிவந்தார். ஓடிவந்த படையில் 19 வயது தாமஸ் மன்றோவும் இருந்தார். நம்ம ஜில்லா வழியாகத்தான் ஓடினார்கள் தோழர்களே. அந்தப் பட்டாளத்தில் துப்பாக்கி பிடித்தவர்களிலும் சுமை தூக்கியவர்களிலும் நம்ம ஆட்கள் இருந்தார்கள். சென்னைப் பட்டாளத்தில் பறையர்கள் பெருமளவில் சேர்ந்திருந்த காலம் அது. மன்றோ தன் குடும்பத்துக்கு எழுதிய கடிதங்கள் அச்சாகி நூலகத்தில் இருக்கின்றன. கூட ஓடியவன் யாருக்குக் கடிதம் எழுதுவான்? எழுதப் படிக்கவே விடவில்லையே.

அடுத்த வருஷம், 1781இல், டச்சுக்காரர்களின் இடங்களை ஆங்கிலேயர் பிடித்தார்கள். சதுரங்கப்பட்டினமும் கைமாறியது, நாகப்பட்டினமும் விழுந்தது. நாகப்பட்டினத்தைப் பிடித்தவர் அதே ஹெக்டர் மன்றோ. பணத்தோடு ஊர் திரும்பி, ஸ்காட்லாந்தின் வடக்கே ஃபைரிஷ் என்ற குன்றின்மேல் கல் வளைவுகளைக் கட்டினார். நாகப்பட்டினத்துக் கோட்டை வாசலின் சாயல் என்கிறார்கள். இன்றும் சுற்றுலாக்காரர்கள் ஏறிப் பார்க்கிறார்கள். அதைக் கட்டியது யார்? அந்தப் பகுதியில் ஆடு மேய்க்கிற லாபத்துக்காக நிலத்தை விட்டுத் துரத்தப்பட்ட ஏழைக் குடியானவர்கள். அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் கட்டினார் என்று புகழ்கிறார்கள். நிலத்தைப் பிடுங்கியவனே கூலி கொடுத்து, வள்ளல் என்று பேர் வாங்குகிற வித்தை நமக்குப் புதுசா என்ன? அந்தக் குன்றிலும் மன்றோ பேர் இருக்கிறது, கல் சுமந்தவன் பேர் இல்லை. எனவே இதை வெள்ளைக்காரன் - கறுப்பன் கணக்காக மட்டும் பார்க்காதீர்கள். பேர் உள்ளவன், பேர் இல்லாதவன் என்கிற கணக்கும் இதில் இருக்கிறது.

தாமஸ் மன்றோவுக்கு வருவோம். 1792 முதல் பாராமகாலில் அலெக்சாண்டர் ரீடோடு சேர்ந்து நிலவரி வேலை பார்த்தார். ரயத்துவாரி அங்கிருந்துதான் வளர்ந்தது. 1820இல் சென்னை கவர்னர், 1827இல் பத்திகொண்டாவில் காலராவில் சாவு. கடப்பைப் பக்கம் பிள்ளைகளுக்கு மன்றோலப்பா என்று பேர் வைத்தார்கள். ஜமீன்தாரை நீக்கி உழவனிடமே நேரடியாக வரி வாங்கினார் என்று பாடப்புத்தகம் சொல்கிறது. எந்த உழவன்? பட்டா யார் பேரில் எழுதப்பட்டது? ஏர் பிடித்தவன் பேரிலா? சர்க்கார் கண்ணில் ரயத்து என்பவன் வரி கட்டுகிறவன். சேற்றில் நின்ற பண்ணையாளுக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை.

செங்கல்பட்டில் நிலைமை இன்னும் மோசம். இங்கே மிராசு முறை. வேளாளர், பார்ப்பனர் கையில் மிராசு. விளைநிலம் மட்டுமல்ல, தரிசின்மேலும் அவர்கள் முன்னுரிமை கொண்டாடினார்கள். சேரி இருந்த மனைகூட எங்களுடையது என்றார்கள். 1819இல் சென்னை ரெவினியூ போர்டு அடிமைமுறை பற்றிக் கலெக்டர்களிடம் அறிக்கை கேட்டது. பண்ணையாட்களை விற்றதும் அடமானம் வைத்ததும் தமிழ்ப் பகுதிகளிலிருந்து போன பதில்களில் பதிவாகியிருக்கின்றன. கம்பெனிக்குத் தெரியாமல் நடந்ததல்ல. தெரிந்தே, வரி ஒழுங்காக வந்தால் போதும் என்று விட்டார்கள். வெள்ளை அதிகாரமும் சாதி அதிகாரமும் கைகோர்த்த இடம் இது.

1833இல் பிரிட்டிஷ் பார்லிமெண்ட் அடிமைமுறை ஒழிப்புச் சட்டம் போட்டது. கம்பெனி ஆட்சிப் பகுதிகளுக்கு விலக்கு கொடுத்தது. நம்ம ஆட்களுக்கு அந்தச் சட்டம் இல்லை. 1843இல்தான் இந்தியாவில் அடிமை உரிமையைக் கோர்ட்டு ஏற்காது என்ற சட்டம் வந்தது. இன்னொன்றும் கேளுங்கள். 1833 சட்டத்தின்படி 2 கோடி பவுண்டு நஷ்டஈடு ஒதுக்கினார்கள். அடிமைகளுக்கு அல்ல, அடிமைகளை வைத்திருந்த எஜமானர்களுக்கு! வாங்கியவர்களில் ஸ்காட்லாந்துக் குடும்பங்கள் நிறைய. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் அந்தப் பேர்களை ஒவ்வொன்றாகப் பட்டியல் போட்டு வெளியிட்டிருக்கிறார்கள். ஸ்காட்லாந்தில் தன் பாட்டன் கதையைத் தேடுகிற ஒருவர் இன்று அந்தப் பட்டியலில் பாட்டன் பேரைப் பார்த்துத் திடுக்கிட வேண்டியிருக்கிறது. தாமஸ் மன்றோ படித்த கிளாஸ்கோ பல்கலைக்கழகம், அடிமை வியாபாரப் பணத்தால் தான் அடைந்த பயன் இன்றைய மதிப்பில் ஒரு கோடியே 67 லட்சம் பவுண்டு முதல் 19 கோடியே 80 லட்சம் பவுண்டு வரை இருக்கலாம் என்று 2018இல் கணக்குப் போட்டு அறிவித்தது. கிளாஸ்கோ நகராட்சி 2022இல் மன்னிப்புக் கேட்டது. மன்னிப்பு போதுமா என்பது வேறு கேள்வி. குடும்ப வரலாற்றைத் தோண்டும்போது குற்றத்தையும் சேர்த்துத் தோண்டுகிறார்களே, அதைக் கவனியுங்கள். இங்கே எந்த மிராசுக் குடும்பமாவது தன் வம்சாவளியில் எத்தனை பண்ணையாள் என்று எழுதி வெளியிட்டதுண்டா? எந்த மடமாவது கணக்குக் காட்டியதுண்டா?

இதே ஸ்காட்லாந்திலிருந்து இன்னொரு வகை ஆட்களும் வந்தார்கள். ஆடம் ஆண்ட்ரூ என்ற மிஷனரி செங்கல்பட்டில் இருந்து, சேரி மக்களுக்கு நிலம் கொடு என்று சர்க்காரோடு மல்லுக்கட்டினார். செங்கல்பட்டில் புனித கொலம்பா பள்ளி இருக்கிறதே, அந்தக் கொலம்பா பேரும் ஸ்காட்லாந்து மிஷன் கொண்டுவந்ததுதான். மதம் மாற்றத்தானே வந்தான் என்பார்கள். சரிதான். ஆனால் நிலம் வேண்டும் என்று நமக்காக மனு எழுத ஊருக்குள்ளிருந்து ஒருத்தன் வரவில்லையே! 1891இல் கலெக்டர் திரமென்ஹீர் செங்கல்பட்டுப் பறையர்கள் பற்றிய அறிக்கையைக் கொடுத்தார். இவர் ஸ்காட்லாந்துக்காரர் அல்ல. மனைகூடச் சொந்தமில்லை, தரிசு கேட்டால் மிராசுதாரன் தடுக்கிறான் என்று பச்சையாக எழுதினார். 1892 செப்டம்பர் 30இல் அரசாணை 1010, 1010ஏ வந்தன. பஞ்சமி நிலம் பிறந்தது இப்படித்தான். ஒடுக்கப்பட்டோர் அல்லாதவர் கைக்கு அந்த நிலம் போகக்கூடாது என்பது நிபந்தனை. போனதா இல்லையா என்று உங்கள் ஊரில் போய்ப் பாருங்கள்.

1994இல் மாமல்லபுரம் பக்கத்துக் காரணையில் பஞ்சமி நிலத்தில் நம் மக்கள் அம்பேத்கர் சிலை வைத்தார்கள். அகற்றினார்கள். அதைக் கேட்டுச் செங்கல்பட்டில் திரண்டபோது, அக்டோபர் 10 அன்று போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிர் கொடுத்தார்கள். 1892இல் காகிதத்தில் கொடுத்த நிலத்தை 102 வருஷம் கழித்துக் கேட்டதற்கு விலை இரண்டு உயிர்.

இப்போது மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்குக் கரும்புக் கூலிகளாக 1,52,184 பேரைக் கப்பலேற்றினார்கள். பெரும்பான்மையோர் சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள். ஒவ்வொருவருக்கும் பேர், அப்பா பேர், வயசு, சாதி, ஜில்லா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு வரைக்கும் எழுதினார்கள். ஓடிப்போனால் பிடிப்பதற்காக எழுதிய பட்டியல் அது. இன்று தென்னாப்பிரிக்காவில் இருக்கிற பேரப்பிள்ளைகள் அதை வைத்துத்தான் பாட்டன் கிராமத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். அடக்க எழுதிய காகிதத்தை அடக்கப்பட்டவன் தன் பக்கம் திருப்பிக்கொள்ள முடியும். நாமும் அதைத்தான் செய்ய வேண்டும். ஏ-பதிவேடு, அடங்கல், சர்ச் ஞானஸ்நானப் பதிவேடு, பள்ளிக்கூட அட்மிஷன் ரிஜிஸ்டர் எல்லாவற்றையும் ஊர் ஊராகத் தேடுங்கள். கிழவிகளிடம் உட்கார்ந்து பேர்களை எழுதுங்கள். அம்மா வழிப் பேரையும் எழுதுங்கள். ஆண்பேரை மட்டும் எழுதினால் அது மனுவின் வம்சாவளி.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. நாங்களும் ஆண்ட பரம்பரை, எங்களுக்கும் ராஜவம்சம் என்று கதை கட்டாதீர்கள். ரத்தத்தின் பேரால் உயர்வு தாழ்வு சொல்வதுதான் சாதி. அதே சட்டையை நாம் ஏன் தைத்துப் போட்டுக்கொள்ள வேண்டும்? நாம் எழுதுவது உழைப்பின் வம்சாவளி. எந்த நிலத்தில் யார் உழுதார்கள், யார் பேரில் எழுதினார்கள், எப்போது பிடுங்கினார்கள் என்கிற கணக்கு. நம்ம ஜில்லா கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ என்றே பேர் வைத்துப் பத்திரிகை நடத்தினார். ஒளித்து வைக்கச் சொன்ன பேரை அச்சில் போட்டார். அவர் எனக்கு ரத்த உறவில்லை. ஜான் தாமசும் ஏழுமலையும் ரத்த உறவில்லை. என் பாட்டன்கள் யார் என்று கேட்டால் இவர்களைத்தான் சொல்வேன்.

ஆயா போய்ச் சேர்ந்துவிட்டது. பெரிய கெழவன் பேர் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை. ஆனால் தேடும்போது எங்கள் சேரியில் 43 பேருடைய பேர் ஒரு நோட்டில் சேர்ந்திருக்கிறது. அதில் ஒரு குடும்பம் அந்த நோட்டை வைத்து மனு போட்டிருக்கிறது. நீங்களும் ஊருக்குப் போனதும் முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள்.

ஜெய் பீம்.